ரஜிதா டீச்சர் சொன்ன ஜன்னல் கதை

கல்லூரியில் நான் ஹவுஸ்கீப்பிங் எடுக்கிறேன். ஓட்டல் அறையைச் சுத்தம் செய்வது எப்படி என்று பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற வேலை. படுக்கை விரிப்பை மூலை மடித்துச் செருகுவது, கண்ணாடியில் கைரேகை தெரியாமல் துடைப்பது, கக்கூஸ் கோப்பையில் ஆசிட்டை ஊற்றி எத்தனை நிமிஷம் கழித்துத் தேய்ப்பது, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. இருபத்திரண்டு வருஷம் இதைச் செய்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் கண் போகும். மட்டாஞ்சேரி டூரிசத்தின் கட்டிலுக்கு அடியில் நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். படிக்கும்போது குமட்டினால் நான் பொறுப்பில்லை.

கதை என்னுடையது அல்ல, பக்கத்து மேசை ரஜிதா டீச்சருடையது. எங்கள் துறையின் முழுப் பெயர் டூரிசம், ஹாஸ்பிடாலிட்டி, ஈவென்ட் மேனேஜ்மென்ட். அதில் டூர் கைடிங் பாடம் அவள் கையில். வயது நாற்பது. பன்னிரண்டு வருஷமாக கெஸ்ட் லெக்சரர். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக விண்ணப்பம் போட்டு, தினமும் தன்னோடு சாயா குடிக்கிற அதே மூன்று பேர் முன்னால் போய் உட்கார்ந்து, உங்கள் பெயர் என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வெட்கமில்லாமல் அவர்களும் கேட்பார்கள். அந்த மூவரில் துறைத் தலைவர் பவித்ரன் சார் மட்டும் கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

ரஜிதாவின் வீட்டில் தமிழ். அப்பா தங்கப்பன் கார்ப்பரேஷனில் ஓடை தோண்டிய தொழிலாளி. அம்மா மூக்கம்மாள் தெரு பெருக்கியவள், இப்போது இல்லை. நகரத்தின் கழிவை அள்ளுவதற்கென்றே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூட்டம் அது, மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ரஜிதாவுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. எழுத்து முழுக்க மலையாளமும் ஆங்கிலமும்தான். அந்தக் குடியிருப்பிலிருந்து எம்.ஏ. வரை படித்த முதல் ஆள் அவள். இவ்வளவும் எனக்குப் போன ஆகஸ்டில்தான் தெரிய வந்தது. அதுவரை, ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாதபோது நாங்கள் தமிழில் பேசிக்கொள்வோம், அவ்வளவே. நான் திருப்பூணித்துறை, கோவில் பக்கத்துத் தெரு. நீ எங்கே என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

ஜன்னலுக்கு வருகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரஜிதா இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கள வகுப்புக்குப் போனாள். ஜூ டவுன் என்கிற யூதர் தெருவின் பழம்பொருள் கடைகளை முடித்துக்கொண்டு பஜார் பக்கம் திரும்பி, ஒரு பழைய அரிசிக் கிடங்கின் பின்சந்து வழியாக வந்திருக்கிறார்கள். கிடங்கின் பின்சுவரில், முழங்கால் உயரத்தில், ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு மரக்கதவு. சுஜித் என்று ஒரு மாணவன், எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற ரகம், "டீச்சர், இது எந்தா? இத்தனை தாழ்த்தி யாராவது ஜன்னல் வைப்பார்களா?" என்று கேட்டான். ரஜிதா ஓடைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு ஒரு கதை சொன்னாள். கிடங்குக்காரரின் மகள் ஒரு மாலுமியைக் காதலித்தாளாம். வெளியே விடாமல் பூட்டி வைத்தார்களாம். அவன் இந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் கடிதம் போடுவானாம்.

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வழிகாட்டித் தேர்வில் கதைத்திறன் என்று ஒரு தலைப்பு இருக்கிறது, இருபது மதிப்பெண். அந்த வருஷம் பாதிப் பேர் அந்த ஜன்னலையே எடுத்து, ஆளுக்கொரு கை போட்டார்கள். ஒருத்தி அந்தப் பெண்ணுக்குப் பெயர் வைத்தாள். ஒருவன் மாலுமியைக் கப்பலோடு மூழ்கடித்தான். சுஜித் அவளைக் காயலில் குதிக்க வைத்து இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினான். மதிப்பெண் போட்டது ரஜிதாதான்.

எங்கள் தொழிலில் ஒரு சாபம் உண்டு. மற்ற வாத்தியார் தப்பாகச் சொன்னால் அது விடைத்தாளோடு மக்கிப்போகும். நாங்கள் தப்பாகச் சொன்னால் படித்த பிள்ளைகள் அதை வைத்துச் சோறு சாப்பிடுவார்கள். சுஜித் படிப்பு முடித்து கைடு ஆனான். அவன் சொன்னதை நான்கு ஆட்டோக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர்கள் சொன்னதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். இரண்டு வருஷத்தில் சந்துக்குள் வேன் வேனாக ஆட்கள். வந்தவர்கள் கடிதம் எழுதி அந்தக் கதவுக்குள் போட்டார்கள். கதவின் மரச்சட்டத்தில் முத்தம் கொடுத்தார்கள். ஒரு முறை நானே பார்த்தேன். வடக்கேயிருந்து வந்த புதுமணத் தம்பதி, பட்டும் மாலையுமாக. பெண் கன்னத்தை அந்த மரத்தில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். புகைப்படக்காரன் ஓடையில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகக் கிடந்து படம் எடுக்கிறான். மரத்தில் அரை விரல் கனத்துக்கு உதட்டுச் சாயம். கீழே சாயாக் கோப்பை, ஐஸ்கிரீம் குச்சி, யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம். அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

சுவருக்கு உள்பக்கம் சுலைஹா உம்மா குடியிருந்தார். பாலக்காட்டுத் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். கணவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர், இறந்து பல வருஷம் ஆகிறது. கிடங்கை ஒட்டிய ஒன்றரை அறையில், அவர் பேச்சில் முறியில், முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறார். விறகடுப்பில் பத்திரி என்கிற அரிசி ரொட்டி சுட்டு இரண்டு ஓட்டல்களுக்குக் கொடுப்பதுதான் பிழைப்பு. அந்தச் சின்னக் கதவு அவர் விறகு அடுக்குகிற மூலையில் திறக்கும். உலகத்துக் காதல் கடிதங்கள் எல்லாம் வந்து விழுவது விறகின் மேல்தான். காலையில் அவற்றைக் கூட்டி அள்ளி அடுப்புப் பற்ற வைப்பார். யார் கேட்டாலும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

போன ஆகஸ்டில் ஒரு நாள் அவர் கல்லூரிக்கே வந்துவிட்டார். மழையில் நனைந்த புர்காவோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, ரஜிதாவிடம் ஒரு உறையை நீட்டினார்.

"மோளே, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு. முறியை ஒழிஞ்சு போகணும்னு எழுதியிருக்குன்னு சுஜித் சொல்றான். அவன் சொன்னா எனக்கு விசுவாசமில்ல."

ரஜிதா படித்தாள். அக்டோபர் பத்துக்குள் சுலைஹா அறையைக் காலி செய்ய வேண்டும். கட்டடத்துச் சொந்தக்காரர் அங்கே லவ் லெட்டர் கஃபே திறக்கிறார். கடைசிப் பத்தியில் எங்கள் துறையின் பெயர் இருந்தது. அறிவுப் பங்காளியாம்! எங்கள் பிள்ளைகள் அங்கே சம்பளமில்லாமல் பயிற்சி எடுப்பார்களாம். கீழே பவித்ரன் சாரின் கையெழுத்து.

"போகணும்னுதான் எழுதியிருக்கு, உம்மா" என்றாள் ரஜிதா.

"பாலக்காட்டுல மகளுக்கே ரெண்டு முறி வீடு. நான் அங்க போய் எந்தா செய்ய? இங்கன்னா பத்திரி இருக்கு" என்றார் சுலைஹா. யாரையும் திட்டவில்லை. உறையை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

ரஜிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் தடுத்தாள்.

"சாரே, அது ஜன்னல் இல்ல."

"பின்னே?"

"கக்கூஸ். பழைய எடுப்புக் கக்கூஸ். உள்ள பக்கெட் இருக்கும். வெளிய இருந்து அந்தக் கதவைத் திறந்து, கை விட்டு இழுத்து, தலையில வச்சுக் கொண்டுபோகணும். எங்க அப்பா பதினேழு வயசுல இருந்து மூணு வருஷம் அந்தச் சந்துல எடுத்தாரு. அந்தக் கதவும் அதுல ஒண்ணு."

எனக்கு அந்த மணப்பெண்ணின் கன்னம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்தது என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ! வந்தது. ரஜிதா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு சுஜித் கேட்டப்ப சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அப்பா அங்கேயே நின்னாரு, சாரே. பத்தடி தூரத்துல, ஓடைக்குள்ள. காக்கி நிக்கரு, கையில மம்பட்டி. ரிட்டயர் ஆக ரெண்டு மாசம்தான் பாக்கி. என்னையும் பிள்ளைகளையும் பாத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நான் டீச்சர்ல? எனக்கு மானக்கேடு வரக்கூடாதுன்னு. நான் அதைப் பாத்துக்கிட்டே மாலுமிக் கதை சொன்னேன்."

எங்கள் திருப்பூணித்துறை வீட்டின் பின்சுவரிலும் அதே உயரத்தில், அதே அளவில், செங்கல் வைத்து அடைத்த ஒரு ஓட்டை இருக்கிறது. ஐம்பது வருஷம் அதன் பக்கத்தில் துணி காயப்போட்டிருக்கிறோம். அதைத் திறந்த கை யாருடையது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானோ, கக்கூஸ் கழுவுவதைப் பாடமாக நடத்திச் சம்பளம் வாங்குகிறவன். அன்று என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

மறுநாள் ரஜிதா பவித்ரன் சாரிடம் போனாள். நானும் கூடப் போனேன். கதை பொய், நான்தான் கட்டினேன், இதை வைத்து ஒரு மனுஷியை வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்றாள். ஜன்னல் என்னவென்பதை மட்டும் சொல்லவில்லை.

"டீச்சரே, டூரிசத்தில் பொய் என்று ஒன்று உண்டோ? எக்ஸ்பீரியன்ஸ்தான் உண்டு" என்றார் அவர். பிறகு ஜூன் இன்டர்வியூவை நினைவுபடுத்துகிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். துடைத்தால் போகாத கறை அது.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. செப்டம்பர் இருபத்தேழு உலகச் சுற்றுலா தினம். அன்று சந்தில் பெயர்ப்பலகை திறப்பதாக ஏற்பாடு. கக்கூஸ் என்று ஊரறியச் சொல்லிவிட்டால் எவன் அங்கே உட்கார்ந்து காபி குடிப்பான்? கஃபே படுத்துவிடும், சுலைஹா உம்மா அறையில் இருப்பார். ஆனால் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ரஜிதா யாருடைய மகள் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்துபோகும், கல்லூரிக்கும் தெரிந்துபோகும். ஒரு மாதம் அவள் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் அப்பாவிடம் கேட்டாளாம். தங்கப்பன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "சொல்லு. செஞ்ச வேலைதான? களவா எடுத்தோம்?"

அந்த நாளும் வந்தது. சந்தில் பந்தல், மைக், ஈவென்ட் மேனேஜ்மென்ட் பிள்ளைகள் கறுப்புக் கோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வேன் வெளிநாட்டு விருந்தாளிகள். பவித்ரன் சார் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை உதட்டில் ஒற்றி, குனிந்து, கேமராவைப் பார்த்தபடி கதவுக்குள் போட்டார். சட்டத்தில் இன்னொரு முத்தம். கைதட்டல் முடிவதற்குள் ரஜிதா மைக்கை வாங்கினாள்.

மலையாளத்தில் சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். மகளும் இல்லை, மாலுமியும் இல்லை. இது மலம் எடுக்கிற வாசல். எடுத்தவர்களில் ஒருவர் அதோ நிற்கிறார், தங்கப்பன், என் அப்பா. அவர் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டு நான் கட்டிய பொய்யை வைத்துத்தான் உள்ளே இருக்கிற சுலைஹா உம்மாவைக் காலி செய்யச் சொல்கிறார்கள். என்னை மன்னித்துவிடுங்கள். அவ்வளவுதான் பேச்சு.

பவித்ரன் சாரின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடி உதட்டைத் துடைத்தது. துடைத்த கைக்குட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வெளிநாட்டுப் பெண் ஓடைப் பக்கம் திரும்பித் துப்பினாள். சுஜித் மட்டும் முன்னால் வந்தான். முப்பது வயது ஆளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், இதுக்கு எனக்குப் பத்தொன்பது மார்க் போட்டீங்களே" என்றான்.

"போட்டேன் மோனே, அது என் தப்பு" என்றாள் ரஜிதா.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். தங்கப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அன்று மாலை சுலைஹா உம்மா எங்களுக்குச் சுடச்சுடப் பத்திரி போட்டார். மனிதர்களின் அருவருப்பை நம்பி இருந்துவிட்டேன். அதற்கும் கடையில் விலை உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து பவித்ரன் சார் கூட்டம் போட்டார். முகம் பூரித்திருந்தது. ரஜிதா பேசிய வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்களாம். "டார்க் டூரிசம், டீச்சரே, துயரம் நடந்த இடத்தைக் காட்டுகிறது! நம்முடைய சிலபஸில் நான்காம் மாட்யூல்! காதல் ஜன்னல் எந்த ஊரிலும் கிடைக்கும். இது எங்கே கிடைக்கும்?" என்றார். கட்டடத்துச் சொந்தக்காரருக்குப் பரம சந்தோஷம். கஃபே நிற்கவில்லை, பெயர்தான் மாறுகிறது. சுவரில் பழைய துடைப்பமும் தகர வாளியும் மாட்டப் போகிறார்கள். ரஜிதாவின் வேலைக்கு ஆபத்தில்லை, அவள்தான் இனி அந்தச் சந்தைச் சுற்றிக் காட்டும் நடையின் நிபுணர். கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். சனி, ஞாயிறு மட்டும், ஒரு மணி நேரம், டீச்சரின் அச்சன் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் வாளியோடு நிற்க முடியுமா? வாளி புதிதுதான், அடித்துப் பழசாக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

ரஜிதா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே சமோசாவும் சாயாவும் இருந்தன. எல்லாரும் சாப்பிட்டார்கள். மலம், வாளி, தலைச்சுமை என்று பேசிக்கொண்டே சட்னி தொட்டுச் சாப்பிட்டார்கள். தங்கப்பன் வராவிட்டால் ஒரு மாணவனுக்கு வேஷம் கட்டி நிற்க வைக்கலாம், ஹவுஸ்கீப்பிங் வெங்கிடாசலம் சார், அதாவது நான், அவனுக்கு வாளி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார் என்று முடிவானது. நான் மாட்டேன் என்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

தங்கப்பன் வரவில்லை. "அப்ப வயித்துக்கு எடுத்தேன். இப்ப வேடிக்கைக்கு நிக்கச் சொல்றானுகளா? அந்த நாத்தத்தைவிட இது பெரிய நாத்தம்" என்று மகளிடம் சொன்னாராம்.

அக்டோபர் பத்தாம் தேதி காலை, நானும் ரஜிதாவும் சுலைஹா உம்மாவின் சாமான்களை ஆட்டோவில் ஏற்றினோம். என்ன பெரிய சாமான்! பத்திரி பரத்துகிற பலகை, இரண்டு பாத்திரக் கட்டு, ஒரு பாய், துணிமூட்டை. ரஜிதா ஒவ்வொன்றையும் தூக்கும்போது மன்னிப்புக் கேட்டாள். உண்மையைச் சொன்னால் நின்றுவிடும் என்று நினைத்தேன் உம்மா, தாமதமாகச் சொல்லிவிட்டேன் உம்மா, முன்பே தெரிந்திருந்தால் நீங்களே நாலு பேரிடம் சொல்லித் துரத்தியிருப்பீர்கள் உம்மா என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

சுலைஹா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் மோளே. நான் கல்யாணம் கழிஞ்சு இந்த முறிக்கு வந்த அன்னிக்கே மாமியாரு சொன்னாங்க, அது பீ எடுக்கிற வாசல்னு. மொதல் கடிதாசு வந்து விழுந்தப்பவே சொல்லியிருந்தா ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்."

"பின்னே ஏன் உம்மா சொல்லல?"

"யாரு எடுத்ததுன்னு கேப்பாங்கல்ல? தங்கப்பன் அண்ணன் இந்தச் சந்துல ஓடை கோர வர்றப்ப எல்லாம் என் மக டீச்சராயிட்டான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எப்படி மோளே என் வாயால சொல்ல?"

ஆட்டோ கிளம்பி சந்து முனையில் திரும்பியது. ரஜிதா நடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். காலை வேனில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று, இவர்தானா அந்தத் தோட்டியின் மகள் என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அவளைப் படம் எடுத்துக்கொண்டார்.